இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

என் அன்பான அப்பாவுக்கு,

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை அங்கே யாருக்கும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாகப் பழைய பூசாரி ஐயாவுக்குக் காட்ட வேண்டாம். உங்களுக்கு முந்திய வருஷம் போனவர் அவர், பக்கத்தில்தான் எங்காவது இருப்பார். பூக்கட்டிப் பார்ப்பதில் உயிரையே வைத்திருந்த மனிதர். நான் எழுதப் போவதைப் படித்தால் இரண்டாவது தடவையும் செத்துப்போவார்.

நான் நம் லயத்துக் காம்பரா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையில் இருக்கிறேன். குப்பி லாம்பை டீசல் கேன்களுக்கு எட்டத்தில் வைத்திருக்கிறேன். பலகை இடுக்கால் வெளிச்சம் வெளியே தெரியாமல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறேன். எல்லோரும் படுத்துவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் வரிசையாக எழுதினால் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி கோகிலாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மேல் மலையில் அம்மாவுக்குத் தேயிலைக் கொழுந்து நல்ல வரவு. சமாதானப் பேச்சுவார்த்தை நடக்கிறதாம், கொடகவெல ரோட்டில் இப்போது பஸ்ஸை நிறுத்தி இறக்கி அடையாள அட்டை பார்ப்பதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பிலிருந்து வேன் வேனாக ஆட்கள் நம் அணைக்கட்டு வெவயைப் பார்க்க வருகிறார்கள். தண்ணீரில் ஒரு ரவுண்டு சுற்றிவிட்டு, போட்டோ பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

முதலாளி நீங்கள் ஓட்டிய மோட்டார் போட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்திருக்கிறார். கூரைத் தகரத்தைச் சுற்றிக் கலர் கொடி கட்டியிருக்கிறார். எஞ்சினுக்கு மேலே உங்கள் படம், அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலை. இப்போது போட்டை ஓட்டுவது அம்மாவின் தம்பி, நம் சந்திரன் மாமாதான். தினமும் உங்கள் படத்தைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் எஞ்சினைத் தொடுவார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அணை கட்டி, தண்ணீர் ஏறி, தோட்டத்தின் கீழ் டிவிஷனும் பழைய ரோட்டும் மூழ்கின பிறகு அக்கரையிலிருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போக போட்டு ஒன்றுதான் குறுக்கு வழி. ஒரு ஆடித் திருவிழாவில் நீங்கள் போட்டை எடுக்க மாட்டேன் என்று நின்றது எனக்கு அரைகுறையாக நினைவிருக்கிறது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கச்சான் காத்து பலமா அடிக்குது. இன்னைக்கு ஓடாதுங்க” என்றீர்கள்.

“அதச் சொல்ல நீ யாருப்பா, தொரையா?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், “ஒடம்பு வளையல, அதுக்குக் காத்து மேல பழியப் போடுறான்” என்றார். பின்னாலிருந்து யாரோ உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். முதலாளியும், “சும்மா போங்கோ ராமையா, மிச்சம் ஆள் நிக்குது” என்றார். அன்றைக்கு நீங்கள் ஓட்டினீர்கள். திரும்பி வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தீர்கள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

அடுத்த வருஷம்தான் பூசாரி ஐயா பூக்கட்டிப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. மடித்து, நாரால் கட்டி, தாம்பாளத்தில் வைத்துக் கற்பூரம் காட்ட வேண்டும். வயதுக்கு வராத பெண்பிள்ளை ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போட்டு ஓடும். சிவப்பு வந்தால் ஆத்தா வேண்டாம் என்கிறாள். எடுத்த பிள்ளை முதல் ட்ரிப்பில் போட்டின் முன்பக்கம் உட்கார்ந்து போக வேண்டும். அதுவும் பூசாரி ஐயா சொன்னதுதான்.

விரதம் இருக்கிற போட்டுக்காரர் என்பதால் பொட்டலத்தைக் கட்டுவது நீங்கள். எடுப்பது நான்.

அதற்குப் பிறகு ஒருவரும் உங்கள் சட்டையைப் பிடிக்கவில்லை. சிவப்பு வந்தால் காவடிக்காரர்கள்கூட முணுமுணுக்காமல் தோட்டத்து லொறியில் ஏறிச் சுற்று ரோட்டால் போனார்கள். முதலாளி சிங்கள ஆள், ஆனால் நம் ஆத்தாவையே அவர் பத்தினி மெனியோ என்று கும்பிடுகிறவர். “மெனியோ வேணாங் சொன்னா வேணாங்தானே” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பிறகு காற்றுக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ரவுண்டுக்கும் பூக்கட்டச் சொன்னார். வேனில் வருகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. வெள்ளை வந்தால் கைதட்டுவார்கள்.

நான் ஸ்கொலர்ஷிப் சோதனை எழுதிய வருஷம், ஒருநாள் சிவப்பு வந்து கூட்டம் கலைந்த பிறகு, எடுக்காத பொட்டலத்தை நான் பிரித்துப் பார்த்தேன். உங்களிடம் ஓடி வந்தேன்.

“ரெண்டுலயும் செவப்பு இருக்குப்பா.”

நீங்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, “ஆமா. ஆத்தா ரெண்டு தடவ வேணாங்குறா” என்றீர்கள்.

“அப்ப பூவு பொய்யா?”

“பொய்யில்ல பாப்பா. காத்து சொல்றதத்தான் பூவு சொல்லுது. நான் சொன்னா எவன் கேக்குறான்?” என்றீர்கள். பிறகு, “ஒங்க அம்மாகிட்டகூட சொல்லிராத. அவ வெளக்கேத்தும்போது மொகத்த பாத்திருக்கியா?” என்றீர்கள்.

அதற்குப் பிறகு நானும் கவனித்தேன். விடிந்ததும் ரப்பர் மலைச் சரிவில் நின்று பல் விளக்குவதுபோலத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நடு வெவயில் பட்டுப்போய் நிற்கும் மரங்களின் காலடியில் நுரை கட்டினால் இரண்டும் சிவப்பு. நுரை இல்லாவிட்டால் இரண்டும் வெள்ளை. போகும்போது காற்று பின்னால் தள்ளும், ஒன்றும் தெரியாது. திரும்பும்போதுதான் போட்டு காற்றுக்கு விலாவைக் காட்டும் என்று மாமாவிடம் நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். மாமா தலையாட்டினார். எஞ்சினைப் பற்றி ஏதோ சொல்கிறீர்கள் என்று நினைத்திருப்பார்.

பூவைப் பற்றி ஏன் அவரிடம் சொல்லவில்லை? எலிக்காய்ச்சல் நேரம் தரவில்லையா? இல்லை, சொன்னால் அவர் மனது உடைந்துவிடும் என்று விட்டுவிட்டீர்களா?

மாமா தங்கமான மனிதர். பிரச்சினையே அதுதான். முதல்நாள் தலைமுழுகி, ஈரத்துணியோடு ஒரு பொட்டலத்தில் வெள்ளையும் ஒரு பொட்டலத்தில் சிவப்பும் வைத்துக் கட்டுகிறார். எது எது என்று தனக்கே தெரியக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு தாம்பாளத்தைச் சுற்றுகிறார். உங்களைவிட நேர்மையாகச் செய்கிறார், அப்பா. கோவிச்சுக்காதீர்கள்.

ஒருநாள் வெவ எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. என் கைக்குச் சிவப்பு வந்தது. மாமா வேன்காரர்களைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். முதலாளி மோட்டார்சைக்கிளில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார்.

போன ஞாயிறு காலையிலேயே பட்ட மரங்களைச் சுற்றி வெள்ளையாக நுரை. என் கைக்கு வெள்ளை வந்தது. கொழும்பு ஆட்கள் கைதட்டினார்கள். நான் முன்னால் உட்கார்ந்தேன். போகும்போது ஒன்றுமில்லை. மரங்களைத் தாண்டித் திரும்பியபோது காற்று தகரக் கூரைக்கு அடியில் புகுந்து போட்டைத் தூக்கியது. ஒரு பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் மற்றப் பக்கத்துக்குச் சரிந்தார்கள். தண்ணீர் கணுக்கால் வரை வந்தது. ஒரு அம்மா பிள்ளையின் தலையைத் தன் மடிக்குள் அழுத்திக்கொண்டார். கூரையில் காட்சிக்குக் கட்டியிருந்த மிதவைச் சட்டைகளின் முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. மாமா கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு ஓட்டத் தெரியும். நிறுத்தத்தான் தெரியாது.

கரையில் என் தலையைத் துவட்டிவிட்டு, “பாத்தியா மருமகளே, ஆத்தா கைய வச்சுத் தூக்கி விட்டுட்டா!” என்று சிரித்தார். எல்லோரும் அதையே சொன்னார்கள். அன்றிலிருந்து பூவின் மேல் நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது.

நான் மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். “மாமா, காத்து பலமா இருந்தா பூவு பாக்காமலே நிப்பாட்டலாந்தானே?”

“அப்பறம் பூவு எதுக்கு? நீ பயப்படாம எடு. ஒங்கப்பா காலத்துல ஒரு நாளாச்சும் பொய்ச்சிருக்கா?”

“அப்பா தண்ணியப் பாத்துத்தான்...”

“பாத்தாரு. நானுந்தான் பாக்குறேன். ஆனா முடிவு அவருது இல்ல, ஆத்தாளுது. அதனாலதான் இன்னைக்கும் அவரு படத்துக்கு மால விழுது.”

அந்த மாலையைச் சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மா போகிற இடமெல்லாம் அவளுக்கு முதலில் வழி விடுகிறார்கள், உங்களால்தான். இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூ என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள்? ஆத்தாவை ஏமாற்றினான், அதுதான் காய்ச்சலில் போனான் என்று சொல்வார்கள். சொல்வார்களா, மாட்டார்களா? நீங்கள் அவர்களோடு என்னைவிட அதிகக் காலம் வாழ்ந்தவர்.

நாளை ஞாயிறு, திருவிழா. அக்கரைக்குக் கரகம், பால்குடம், காவடி எல்லாம் போட்டில் போகவேண்டும். காற்று மூன்று நாளாகக் கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டுகிறது. அம்மா உங்களுக்காகப் பால்குடம் எடுக்க ஆடி மாதம் முழுக்க விரதம் இருந்திருக்கிறாள். நான் வெள்ளையை எடுத்தால் அம்மா, மாமா, லயத்தில் பாதிப்பேர் அந்தப் போட்டில்.

அதனால் இன்று சாயந்தரம் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மாவின் காதில் ஒரு பொய் சொன்னேன். நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன் என்று சொன்னேன்.

அம்மா ஒன்றும் சந்தேகப்படவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். பக்கத்துக் காம்பரா ராசம்மா அக்கா குலவை போட்டுக்கொண்டே ஓடி வந்தார். “அடி கள்ளி! ஒனக்கு வேற நாளே கெடைக்கலையா? திருவிழா நேரம் பாத்தா ஒக்காருவ?” என்று என் கன்னத்தைக் கிள்ளினார். என்னை இந்த அறையில் பாயும் தனித்தட்டும் வேப்பிலையும் வைத்து உட்கார வைத்தார்கள். இங்கே இருந்த பூக்கூடையை முதல் வேலையாக வெளியே எடுத்துக்கொண்டு போனார்கள்.

என் கணக்கு என்னவென்றால், தாய்மாமன்தான் எனக்கு ஓலைக் குச்சு கட்ட வேண்டும். ஒரே வீட்டில் இருப்பதால் மாமாவுக்கும் தீட்டு. தீட்டுள்ளவர் ஓட்டுகிற போட்டில் கரகம் ஏறாது. வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. எனவே போட்டு நிற்கும். பூவைக் கேட்கவே தேவையில்லை.

பாதி அப்படியே நடந்தது. மாமா தலையைச் சொறிந்துகொண்டு, “மருமகளுக்குக் குச்சு கட்டவா, ஆத்தாளுக்குப் போட்டு ஓட்டவா?” என்று கேட்டுவிட்டுப் புதுப் பூசாரியிடம் போனார். கரகமும் கூட்டமும் லொறியில் சுற்று ரோட்டால் போகட்டும் என்று முடிவாகிவிட்டது. அம்மா பால்குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அந்தச் சத்தம் இங்கே கேட்டது. இருந்தாலும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு முதலாளியின் மோட்டார்சைக்கிள் வந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

“அனே சந்திரன், மகளுக்கு நல்ல காரியந்தானே, மிச்சம் சந்தோஷம். ஆனா நாளைக்கி கொழும்பு வேன் வருது. கோயில் சாமான் வேணாம். ரவுண்டு மட்டும் போவோம், ஹரித, சரிதானே?”

“தீட்டு கரகத்துக்குத்தான் முதலாளி, ரவுண்டுக்கு இல்ல” என்றார் மாமா. அவருக்கு இல்லை என்று சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும். “ஆனா இந்தக் காத்துக்குப் பூவு பாக்காம எடுக்க மாட்டேன்.”

“பூ எடுக்க புள்ள?”

“சின்னவ இருக்காளே. இன்னைக்கு ராசம்மா வீட்டுல படுத்து, அங்கேயே குளிச்சிட்டு வரட்டும். ராசம்மா பூவக் கட்டட்டும். தீட்டு ஒட்டாது.”

கொஞ்ச நேரத்தில் கோகிலா இந்தக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் தூரத்திலிருந்தே கத்தினாள். “அக்கா! நாளைக்கு நாந்தான் பூவு எடுக்கப் போறேன்! முன்னுக்கு ஒக்காரப் போறேன்! நீ இல்ல, நானு!”

“ஏறாத கோகி” என்றேன்.

“உனக்குப் பொறாம” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

இதுதான் நிலைமை, அப்பா. எனக்குப் பதிலாக அவளை உட்கார வைத்திருக்கிறேன். ராசம்மா அக்காவும் நேர்மையானவர். ஒரு வெள்ளை, ஒரு சிவப்புத்தான் கட்டுவார். நாளை காலையில் கோகிலாவின் கை எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் முடிவு. காற்றைக் கேட்க ஒருவரும் இல்லை.

டீசல் கேனைக் கவிழ்த்துவிடலாமா என்று யோசித்தேன். முதலாளியிடம் இன்னும் இருக்கிறது. கோகிலாவைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஓடலாமா என்று யோசித்தேன். எங்கே ஓடுவது? அவள் இல்லாவிட்டால் லயத்தில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தப் பிள்ளையை எடுக்க வைத்தாலும் அந்தப் பிள்ளை முன்னால் உட்காரும். வேனில் வருகிறவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். என் பொய் நம் ஆட்களை லொறியில் ஏற்றியது. அதற்குமேல் அதற்குச் சக்தி இல்லை.

யோசித்து யோசித்து ஒரே இடத்துக்குத்தான் வருகிறேன். மாமாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. ஆனால் உங்கள் காலத்தில் பூ முடிவு செய்யவில்லை, நீங்கள்தான் முடிவு செய்தீர்கள் என்று தெரிந்தால், அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்ணீரை அவர் கண்ணால் பார்க்க வேண்டிவரும். பார்த்தால் அவருக்குப் புரியும். அவர் முட்டாள் இல்லை.

அவர் விடிவதற்கு முன்னால் டீசல் கேன் எடுக்க இங்கே வருவார். “தட்டுவேன் மருமகளே, பேயின்னு நெனச்சுக் கத்திராத” என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போனார். அப்போது சொல்லப் போகிறேன். பூவைச் சொன்னால், இன்றைக்கு நான் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும். குச்சுக்கு வெட்டப்போகும் ஓலை, ராசம்மா அக்கா போட்ட குலவை, அம்மா கவிழ்த்த பால்குடம், எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். லயமே சிரிக்கும். பள்ளிக்கூடத்துக்கும் இந்தக் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அம்மா என்னை அடித்தால் பரவாயில்லை. அடிக்காமல் இருந்தால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

உங்கள் படத்திலிருந்து மாலையைக் கழற்றிவிடுவார்களா? கழற்றினால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமா? நீங்கள் உயிரோடு இருந்தபோது அப்படி ஒன்றும் மாலைக்கு ஆசைப்பட்டவர் இல்லை. காற்று அடங்கி, கடைசி ஆள் கரையில் இறங்கிய பிறகு பிளேன்டீ ஒன்று கிடைத்தால் போதும் உங்களுக்கு.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அப்பா. நாளைக்குக் கோகிலா அந்தப் போட்டில் ஏற மாட்டாள். மாமா கேட்காவிட்டால் நான் தீட்டோடு தீட்டாகத் துறைக்கு இறங்கிப்போய், வேன்காரர்களுக்குப் புரிகிற சிங்களத்தில் சத்தம் போட்டுச் சொல்வேன். ஆத்தா சொன்னாள் என்று சொல்ல மாட்டேன். காற்று பலமாக இருக்கிறது, போட்டு ஓடாது என்று மட்டும் சொல்வேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தால் இழுக்கட்டும்.

நம் கோகிலாவின் அக்கா,
உங்கள் மூத்த மகள்
புவனா

சேவல் இன்னும் கூவவில்லை. ஆனால் இஸ்தோப்பில் செருப்புச் சத்தம் கேட்கிறது. மாமா இருமுகிறார். தட்டுகிறார். அப்பா, அவரிடம் முதலில் எதைச்...